வீரம்மாவின் தும்மல்

பாக்கெட் இல்லாமல் சட்டை தைக்கச் சொன்னவர்கள் என் முப்பது வருடத் தையல் வாழ்க்கையில் இரண்டே பேர். ஒருவர் சாமியாராகப் போகிறேன் என்று கிளம்பியவர். இரண்டு மாதத்தில் திரும்பி வந்து, அதே சட்டைக்குப் பாக்கெட் வைத்து வாங்கிக்கொண்டு போனார். இன்னொருவர் கெஸியா. அவள் சொன்னதை மாற்றிக்கொள்ளவே இல்லை.

நீலகிரியில் பிக்கட்டிக்கு மேலே பஸ் திரும்புகிற வளைவில் டீ பேக்டரி இருக்கிறது. அதன் கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம், என் கடை. மிஷினிலிருந்து தலையைத் தூக்கினால் கேட் தெரியும். மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிட்டால் கேட் மறைந்துவிடும், ஆனால் பேச்சு கேட்கும். அதனால் இந்த விவகாரத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் என் வீட்டுக்காரி மகாலட்சுமி விசாரித்துச் சொல்லிவிடுவாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், பேக்டரியிலிருந்து போன லோடு அப்படியே திரும்பி வந்தது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒரு கம்பெனிக்காக இங்கே டீத்தூளைப் பாக்கெட் போட்டு அனுப்புகிறார்கள். தூளில் மருந்து வாசனை அடிக்கிறது, டீயென்று வாயில் வைக்க முடியவில்லை என்று கம்பெனியிலிருந்து எழுதியிருந்தார்களாம். முதலாளி ஓடி வந்தார். அந்தத் தூளில் டீ போட்டு எட்டுப் பேர் குடித்துப் பார்த்தார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

நன்றாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? எங்களைச் சுற்றிலும் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். அதன் இலையைக் காய்ச்சித் தைலம் இறக்குகிற ஊர் இது. சளிக்குத் தைலம், தலைவலிக்குத் தைலம், மூட்டுக்குத் தைலம், குளிக்கிற வெந்நீரிலும் நாலு சொட்டுத் தைலம். பிறந்ததிலிருந்து அதிலேயே ஊறிய மூக்குக்கு அது வாசனையாகவே தெரியாது. தேயிலைத்தூளோ, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அன்றைக்குக் கண்டுபிடித்தவள் வீரம்மா ஒருத்திதான். பாக்கெட் போடுகிற பெண்களில் சின்னவள், மலைக்குக் கீழே காரமடையிலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கிளாஸை முகத்தருகே கொண்டுபோனாள், தும்மினாள். மறுபடி கொண்டுபோனாள், மறுபடி தும்மினாள்.

"எனக்குத் தைலம் ஆகாதுங்க. எங்க மாமியா தேச்சுட்டுப் பக்கத்துல வந்தாலே மூக்கு அரிக்கும்," என்றாள்.

இனி ஒரு லோடு திரும்பினால் பாக்கெட் பகுதியை மூடிவிட்டுத் தூளை மூட்டையாகவே விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார். பாக்கெட் பகுதி என்றால் பதினாலு பெண்கள். பேக்டரியை விட்டால் அவர்களுக்கு அட்டை கடிக்கிற காடும், காட்டெருமை மேய்கிற தோட்டமும்தான்.

மேனேஜர் அஜய் நல்லவன், இளவயசு, கம்ப்யூட்டர் தெரிந்தவன். அன்றைக்கே முப்பத்தொரு விதிகளை அச்செடுத்துக் கேட்டில் ஒட்டினான். "பணியாளர்கள் நறுமணப் பொருட்களைத் தவிர்த்தல் வேண்டும்" என்கிற மாதிரி. மூன்றாம் நாள் அது மஞ்சில் நனைந்து கிழிந்து என் கடை வாசல் சாக்கடைக்கு வந்து சேர்ந்தது. முழுசாகப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவன் செய்த நல்ல காரியம், பாக்கெட் பகுதிக்குக் கெஸியாவைச் சூப்பர்வைசராகப் போட்டது.

கெஸியா பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறாள். ஒல்லியான உடம்பு, உயராத குரல். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் புருஷன் ஜஸ்டஸ் தைலம் காய்ச்சுகிறவன். ஓடைக்கரையில் அவன் அடுப்பும் இரும்பு அண்டாவும். அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. தைல வாசனையைத் தடுக்க, ஊரிலேயே அதிகம் தைலம் மணக்கிற வீட்டிலிருந்து ஆள் எடுத்திருக்கிறார்கள் என்று பஸ் ஸ்டாப்பில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார வைத்தாள். மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"முதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. அந்த லோடு கெட்டது என்னாலயா இருக்கலாம். எங்கூட்டுக்காரரு வேல உங்களுக்கெல்லாம் தெரியும். சேல, தல, சோத்து டப்பா எல்லாத்துலயும் அதுதான் மணக்கும். எனக்கே தெரியாம நாந்தான் கொண்டாந்திருப்பேன்."

 ஒச்சப்பன் தொண்டையைக் கனைத்தார். தூள் காய்கிற மிஷினுக்கு விறகு தள்ளுகிறவர், வயசு அறுபதை நெருங்கும், வாயில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும்.

"அப்ப உன்னைய நிறுத்திப்போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்குக் கூட்டம்?"

"நிறுத்தலாமுங்கண்ணா. உங்க மூட்டுல இருக்கற தைலத்த என்ன பண்றதுங்க?"

ஒச்சப்பன் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பெண்கள் சிரித்தார்கள்.

உடனே சட்டம் போட்டுவிடவில்லை அவள். ஒரு வாரம் ஒவ்வொருவரிடமும் போய், எதைத் தேய்க்கிறாய், எதற்குத் தேய்க்கிறாய் என்று கேட்டாள். வலிக்கிறவளிடம் வலிக்கு வேறு வழி காட்டாமல் தேய்க்காதே என்று சொல்ல முடியாதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது பெரிய மனசு. முப்பத்தொரு விதி எழுதிய படிப்புக்கு அது தோன்றவில்லை.

வார முடிவில் என் கடைக்கு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, கெட்டித் துணியில கையகலத்துக்கு இருவது பை வேணுமுங்க. உள்ள கல்லுப்பு ரொப்பித் தெச்சுக் குடுங்க."

"உப்புப் பையா? எதுக்கும்மா?"

"காயற மிஷினு மேல வெச்சா அஞ்சு நிமிசத்துல சூடேறிக்கும். மூட்டுல, தோள்ல வெச்சு ஒத்தடம் குடுத்துக்கலாம். உப்புக்கு ஒரு வாசனையும் கெடையாதுங்களே."

காலை ஷிப்டுக்கு முன்னால் கேட்டிலேயே சுக்குத் தண்ணி கொடுக்க அஜயைச் சம்மதிக்க வைத்தாள். குளிருக்குக் காது மூடுகிற தொப்பி வாங்க வைத்தாள். அப்புறம்தான் விதி. அதுவும் வாயால் சொன்னதுதான், எழுதி ஒட்டவில்லை. தைலம், பூ, பீடி எதுவும் கேட்டுக்குள் வரக்கூடாது. பேக்டரிக்காக நான் தைத்துக் கொடுத்த கோட்டுச் சட்டை பேக்டரியிலேயே துவைத்துக் காய வேண்டும், வீட்டுக்குப் போகக்கூடாது. கோட்டுக்குப் பாக்கெட் கூடாது, பாக்கெட் இருந்தால் அதில் ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும். மீறினால் திட்டும் கிடையாது, அபராதமும் கிடையாது. அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

"வாசன இருக்குதா இல்லியான்னு நம்ம மூக்குக்குத் தெரியாதுங்க. வீரம்மா மூக்குக்குத் தெரியும். காலைல அவ கேட்டுல நிப்பா. ஒவ்வொருத்தரா அவ முன்னால நின்னுட்டுப் போகோணும். தும்முனா திரும்பிப் போயரோணும். மொதல்ல நான் நிப்பேன்."

"மேனேஜரு?" என்றார் ஒச்சப்பன்.

"மேனேஜரும்தானுங்க."

அஜய் தலையை ஆட்டினான். பாவம், வேறு என்ன செய்வான்?

இதனால் என் கடை சத்திரமானது. காலையில் பதினாலு பெண்களின் பூவும் ஈரத்துணியில் சுற்றி என் அலமாரிக்கு வரும், சாயந்திரம் போகும். கெஸியா வீட்டிலிருந்து ஒரு சேலையில் வருவாள். பின்கட்டில் மகாலட்சுமி வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். கடலைமாவைத் தேய்த்து அங்கேயே குளித்து, அங்கேயே துவைத்துக் காய்ந்த வேறு சேலையைக் கட்டி, தலையைத் துணியால் இறுக்கிக்கொண்டு ரோட்டைக் கடப்பாள். கழற்றிய சேலையை மகாலட்சுமி தகரப் பெட்டியில் போட்டு மூடிவிடுவாள். ஒரு நாள்கூட இதில் கெஸியா சலித்துக்கொண்டு நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாளே ஒச்சப்பன் மாட்டினார். வீரம்மா அவருக்கு மூன்று தும்மல் போட்டாள். என் வயசென்ன, நேற்று வந்த பிள்ளை மூக்கை நம்பி என்னைத் திருப்புவாயா என்று ரோட்டில் நின்று சத்தம் போட்டார். கெஸியா பதிலுக்குக் குரல் உயர்த்தவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்து, "நாளைக்கு வாங்கண்ணா. உங்களுக்கு ரெண்டு பை சூடு பண்ணி வெச்சிருக்கேன்," என்றாள். மறுநாள் வந்தார். அதற்கப்புறம் உப்புப் பையை முழங்காலில் கட்டாத ஒச்சப்பனை யாரும் பார்த்ததில்லை. ராத்திரிக்கும் வேண்டுமென்று என்னிடம் தனியாக ஒன்று தைத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஜஸ்டஸ்தான் மடங்கவில்லை. கார்த்திகை மாதம் ஒரு நாள், கிழிந்த பேண்ட்டுக்கு ஒட்டுப் போட வந்தவன், கெஸியா குளித்து முடித்து வெளியே வருவதைப் பார்த்துவிட்டான். அவன் நல்ல உழைப்பாளி. கையும் கழுத்தும் அடுப்புச் சூட்டில் கறுத்திருக்கும், அவன் வருவதற்கு முன் அவன் வாசனை வரும்.

"கல்யாணமாகிப் பதினேழு வருசமுங்கண்ணா," என்றான் என்னைப் பார்த்து. அவளுக்குக் கேட்க வேண்டுமென்றுதான் என்னிடம் சொன்னான். "என்ற தைலம் ஊருக்கெல்லாம் மருந்து. என்ற பொண்டாட்டிக்கு மட்டும் நோவு. ஊட்ட உட்டு எறங்குனதும் அடுத்தவிய ஊட்டுல குளிக்கறா."

"மெதுவாப் பேசுங்க," என்றாள் கெஸியா.

"உனக்கு என்ற வாசன ஆகலையா? நேராச் சொல்லு."

"ஆகலீன்னு யாரு சொன்னா? உங்க வாசன எனக்குத் தெரியறதே இல்லீங்க. அதுதான் எனக்குப் பயம். தெரிஞ்சா தொடச்சுக்குவேன். தெரியாததால குளிக்கறேன்."

"அப்ப அடுப்ப அணைச்சுப்போட்டு நானும் பேக்டரில மூட்ட தூக்க வந்துரட்டுமா?"

"நான் கேட்டனுங்களா? உங்க வேலய நீங்க பாருங்க, என்ற வேலய நான் பாக்கறேன். நடுவுல ஒரு சேல மாத்தற தூரம்தானுங்களே."

 அவன் பேண்ட்டை வாங்காமலே போய்விட்டான். அவள் கேட்டுக்குப் போய் வீரம்மா முன்னால் நின்றாள். ஒரு நாளும் இல்லாமல் அன்றைக்கு அவள் முகம் வாடியிருந்தது. நான்கு நாள் வீட்டில் பேச்சில்லை என்று மகாலட்சுமி சொன்னாள்.

மார்கழியில் உறைபனி விழுந்தது. தோட்டமெல்லாம் கருகிக் காப்பித்தூள் நிறமானது. அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. திங்கட்கிழமை வந்து பேக்டரியைச் சுற்றிப் பார்ப்பார், தூளை எடுத்துப்போய்ச் சோதிப்பார், சரியென்றால் பாக்கெட் வேலை தொடரும். கெஸியா ஒரு வாரம் ஓடி ஓடி வேலை செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து மத்தியானம் சோறாக்கிக்கொண்டிருந்தாளாம். ஓடைப்பக்கம் சத்தம் கேட்டது. அண்டா மூடியின் பிடி விட்டு, ஆவி பீறிக்கொண்டு அடித்திருக்கிறது. ஜஸ்டஸின் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. இவள் பாய்ந்து போய் அவனை இழுத்தாள். இழுத்த வேகத்தில் கொட்டகைப் பரணில் இருந்த தைலக் கேன் சாய்ந்து, பதினைந்து லிட்டரும் அவள் தலையோடு கொட்டியது. அதை அவள் கவனிக்கவே இல்லை. ஓடைத் தண்ணீரை அவன் கையில் ஊற்றி ஊற்றி, ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டுப் போட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கை பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் எங்கள் பின்கட்டில் இருந்தாள். கடலைமாவு, சீயக்காய், எலுமிச்சம்பழம் என்று மூன்று தரம் குளித்தாள். குளிரில் உதடு நீலம் பாரித்துவிட்டது. மகாலட்சுமி தலையை முகர்ந்து பார்த்து, "ஒண்ணும் தெரியலையே," என்றாள்.

"உங்களுக்கும் எனக்கும் எப்பிடிங்கக்கா தெரியும்?" என்று தலையைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

கேட்டில் பதினாலு பேரும், ஒச்சப்பனும், அஜயும் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும். கெஸியா போய் வீரம்மா முன்னால் நின்றாள். நானும் வாசலுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு மஞ்சு இல்லை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

வீரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூக்கு விடைத்தது. கண்ணிரண்டும் சிவந்து தண்ணீர் கட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்கக்கா. போங்க," என்றாள்.

கெஸியா நகரவில்லை.

"போங்கக்கா. நேரமாச்சு."

"கண்ணுல தண்ணி வருது, வீரம்மா."

"அது குளுருக்குங்க."

"மூச்ச உட்டுப்போட்டுச் சொல்லு."

அந்தப் பெண் மாட்டேனென்று தலையை ஆட்டினாள். ஆட்டும்போதே அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தும்மல். தும்மி முடித்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் உள்ள வந்துருங்க," என்றான் அஜய். "கம்பெனிக்காரரு பத்து மணிக்கு வந்துருவாரு. நீங்க இல்லாம நான் என்னத்தக் காட்டறது?"

"நான் உள்ள வந்தா அவரு என்னத்தப் பாப்பாருங்க சார்? தைலத்தத்தான் பாப்பாரு. வேல அத்தன பேருக்கும் தெரியும். நான் ஒருத்தி இல்லாட்டி நின்னு போறதா இருந்தா, ரெண்டு மாசமா நான் பண்ணுனது சூப்பர்வைசர் வேலையே இல்லீங்க."

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து வீரம்மா கையில் வைத்து மூடினாள். "அழுவாத. இதுக்குத்தான உன்னய நிறுத்துனது," என்றாள். திரும்பி ரோட்டைக் கடந்து, என் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.   பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பத்தரைக்குக் கார் வந்தது, வரவேற்க அத்தனை பேரும் கேட்டுக்கு வந்தார்கள். கம்பெனிக்காரர் இறங்கும்போதே முகம் வெளிறியிருந்தார். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடியே கேட்டுக்கு வந்தார். வீரம்மா அவர் முன்னால் நின்றாள், தும்மினாள்.

"உள்ள உட முடியாதுங்க," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அஜய்க்கு உயிரே போய்விட்டது. "வீரம்மா, சார் கம்பெனிலருந்து..."

"தைலம் மணக்குதுங்க. யாரா இருந்தாலும்னுதானுங்க ரூல்."

வாந்திக்கு நல்லதென்று குன்னூரில் யாரோ சொல்ல, வழியில் ஒரு தைலப் புட்டி வாங்கிக் கைக்குட்டையில் நனைத்திருக்கிறார் மனுஷன். அவருக்குக் கோபம் வந்தது.

"யார் இங்க சூப்பர்வைசர்?"

கேட்டிலிருந்த அத்தனை கைகளும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நீண்டன.

அவர் கடந்து வந்தார். கெஸியா எழுந்து நின்றாள்.

"நீங்க ஏன் வெளிய உட்கார்ந்திருக்கீங்க?"

"எனக்கும் தும்மிட்டாங்க சார்," என்றாள். முந்தின நாள் நடந்ததை நாலு வரியில் சொன்னாள். "என்றது தலமயிருல எறங்கியிருக்குதுங்க, ரெண்டு மூணு நாளாகும். உங்களுது கைக்குட்டையும் சட்டையும்தான. மூஞ்சி கையக் கழுவிட்டு வேற சட்ட போட்டுட்டா உள்ள போயரலாமுங்க."

 அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மகாலட்சுமி கடலைமாவு கொடுத்தாள். வங்கிக்காரர் ஒருவருக்காகத் தைத்து வைத்திருந்த சட்டையை நான் கொடுத்தேன், தோளில் கொஞ்சம் தொங்கியது. மறுபடி வீரம்மா முன்னால் போய் நின்றார். அவள் இரண்டு தரம் மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு வழி விட்டாள்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தார். நேராக என் கடைக்குத்தான் வந்தார், சட்டையை மாற்ற.

"நிறைய இடத்துல ரூல்ஸ் கேட்டா பேப்பரைக் காட்டுவாங்கம்மா," என்றார். "இங்க என்னை வெளிய நிறுத்தினாங்க. தூளை எடுத்திருக்கேன், சோதனை பண்ணித்தான் எழுத்துல சொல்லுவோம். ஆனா நான் நாலு பெட்டி பிரிச்சுப் பார்த்துட்டேன், டீ வாசனை மட்டும்தான் இருக்கு. பாக்கெட் வேலை நிக்காது."

கெஸியா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் போனபிறகுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகாலட்சுமி ஒரு கிளாஸ் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

மூன்று மணி பஸ்ஸில் ஜஸ்டஸ் வந்து இறங்கினான். வலது கை கட்டோடு கழுத்தில் தொங்கியது, இடது கையில் தூக்குச்சட்டி. காலையில் நடந்ததை ஒச்சப்பன் போனில் சொல்லியிருக்கிறார். அந்த ஒற்றைக் கையால் சோறாக்கிக் கொண்டு வந்திருந்தான். அவளைப் பார்த்தான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டைப் பார்த்தான்.

"என்னாலதான வெளிய உக்காந்திருக்க," என்றான்.

"ரூலு நான் போட்டதுங்க. கை நோவுதுங்களா?"

"நோவு இல்ல."

தூக்குச்சட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, பெஞ்சின் அந்தக் கடைசிக்குப் போய், அவன் வாசனை அவள்மேல் இன்னும் கொஞ்சம் ஏறிவிடக் கூடாதென்கிற மாதிரி விளிம்பில் தொத்திக்கொண்டு உட்கார்ந்தான். நாலு ஆள் உட்காருகிற பெஞ்சு அது. கெஸியா மூடியைத் திறந்தாள். கீரையும் சோறும். ஒரு கை அள்ளியவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்குத்தான் நான் உள்ள போகப் போறதில்லியே. பக்கத்துல வந்து உக்காருங்க."

அவன் நகர்ந்து வந்தான். அவள் தன் கையால் பிசைந்து அவனுக்கு ஒரு வாய் கொடுத்தாள்.

நான் குனிந்து மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். என்ன தைத்தேன் என்று அப்போது தெரியவில்லை. மறுநாள் வந்த வாடிக்கையாளர் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பாக்கெட் எங்கே என்று கேட்டார்.